மணிக்கூட்டைக் கழட்டி வை, மோனை

நவம்பர் மாதத்து முதல் ஞாயிறு விடியப்புறம் 2 மணிக்கு இந்த ஊர் அரசாங்கம் ஆளுக்கு ஒரு மணித்தியாலத்தைத் திருப்பிக் குடுக்குது. மார்ச்சிலை பறிச்சதைத்தான் குடுக்குது, வட்டி ஒண்டும் இல்லை, எண்டாலும் குடுக்குது. ஸ்காபரோ முழுக்கப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அந்த ஒரு மணித்தியாலத்தையும் நித்திரையிலை கழிக்குது. நீ என்ன செய்தனீ? அதையும் ஓடித் துலைச்சாய். ஓடிவந்து, சப்பாத்தும் கழட்டாமல் குசினிக்கை போய், பாண் மாவை மடிச்சுக்கொண்டு நிண்டாய். நான் கதிரையிலை இருந்து எல்லாம் பாத்துக்கொண்டுதான் இருந்தன். கிழவன் நித்திரை எண்டு நினைச்சிருப்பாய். கிழவனுக்கு எங்கை மோனை நித்திரை? கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறது, ஆரும் வேலை சொல்லாமல் இருக்கிறதுக்கு.

நான் உனக்குப் புத்தி சொல்ல வரேல்லை. புத்தி சொல்லுற வயசு எனக்கு எப்பவோ கடந்துபோட்டுது. இப்ப பகிடி பண்ணுற வயசு. அதாலை குறை நினையாமல் கேள்.

விடியமுன்னம் ஹைலண்ட் கிறீக் ஆத்தங்கரையாலை ஓடுறாய். நல்ல இடந்தான். செப்ரெம்பர் கடைசியிலையும் ஒக்டோபரிலையும் அந்த ஆத்திலை சினூக் சால்மன் மீன் வாவியிலையிருந்து மேல்நோக்கி ஏறி வரும். கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினனீ, பாத்தன். முழங்காலுக்கும் காணாத தண்ணியிலை, கல்லிலை வயிறு தேய, வாலை அடிச்சடிச்சு ஏறுது. அதுகும் இந்த ஊர் மீன் இல்லை, பசுபிக் கரை மீன், ஆக்கள் கொண்டுவந்து விட்டதாம். எங்கட கதைதான். ஆனால் அந்த மீனுக்கு ஒரு அலுவல் கிடக்கு. முட்டை போடவேணும், போட்டிட்டுச் சாகவேணும். உனக்கு அங்கை என்ன அலுவல்? மீன் மேலை ஏற, நீ கரையாலை கொஞ்சத்தூரம் ஓடிப்போட்டு, மணிக்கூட்டைப் பாத்திட்டு, திரும்பி வீட்டை வாறாய். மீன் உன்னைப் பற்றி என்ன நினைச்சுதோ, எனக்குத் தெரியாது.

"சும்மா ஓடுறன் அம்மப்பா" எண்டு சொல்லுவாய். சும்மா ஓடினால் நான் ஏன் வாய் திறக்கப்போறன்? நீ சும்மா ஓடேல்லை எண்டதுதான் என்ர வழக்கு. அதுக்கு வாறன், பொறு.

உன்ர பகல் எப்பிடிப் போகுது எண்டு எனக்குத் தெரியும். ஒருக்கா நீ சங்கீதம் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்கு வந்து பின்வாங்கிலை இருந்தனான் எல்லோ? நாலாம் வகுப்பு. ஆளுக்கொரு பிளாஸ்ரிக் ரெக்கோடர். பி, ஏ, ஜி எண்டு மூண்டு சுரம், மூண்டுக்கும் இடக்கை மட்டும் காணும். முதல் பாட்டு 'ஹொட் குறொஸ் பன்ஸ்'. பெரிய வெள்ளிக்குத் தின்னுற பணிஸைப் பற்றின பாட்டை இலை கொட்டுற காலத்திலை ஊதுறியள்! பாண் விசர் பள்ளிக்கூடத்திலையும் உன்னை விடேல்லை எண்டு அப்பவே நினைச்சன். மூண்டே மூண்டு சுரம், அதுக்குள்ளை என்ன பிழை வரப்போகுது எண்டும் நினைச்சன். ஒரு வகுப்புப் பிள்ளையள் மனம் வைச்சால் அதுக்குள்ளை எவ்வளவு பிழை விடலாம் எண்டதை அண்டைக்குத்தான் கண்டன். முன்வாங்கிலை இருந்த ஒரு சின்னன், பிறந்ததிலையிருந்து சேர்த்த மூச்சு முழுக்க உள்ளை விட்டு ஊத, குழல் கீச்செண்டு கத்தி, என்ர காது மெஷினே பயத்திலை நிண்டுபோச்சு. நீ கோவிக்கேல்லை. கிட்டப் போய்க் குந்தியிருந்து, "சுடுதேத்தண்ணியை ஆத்துற மாதிரி ஊது, ராசா" எண்டாய். அவன் ஊதினான். சுரம் வந்துது. பல்லில்லாத வாயாலை ஒரு சிரிப்புச் சிரிச்சான் பார்!

பேந்து பெரிய வகுப்பு பாண்ட். ட்ரம்பெற், கிளாரினெற், உரத்து ஊதினால் யன்னல் அதிருற ஒரு ரியூபா. நவம்பர் 11, நினைவு நாளுக்கு ஒரு பெடியன் 'லாஸ்ற் போஸ்ற்' ஊதவேணும். 11 மணிக்கு ரண்டு நிமிச மவுனம், பள்ளிக்கூடம் முழுக்க நிக்கும், ஒரு சுரம் வழுக்கினாலும் எல்லாருக்கும் கேக்கும். அந்தப் பெடியனைவிட உனக்குத்தான் வயித்தைக் கலக்குது. அது முடியமுன்னம் முன்னேற்ற அறிக்கை எழுதவேணும். அதுக்குப் பிறகு டிசம்பர் கொன்சேட்.

வீட்டை வந்தால், நான் மெல்லமாய்ப் போட்டுவைச்ச தேவாரத்தைக்கூட "கொஞ்சம் குறையுங்கோ அம்மப்பா" எண்டுறாய். முதலிலை எனக்குக் கோவம். சங்கீத ரீச்சருக்குத் தேவாரம் கசக்குதோ எண்டு உன்ர கொம்மாவிட்டைக்கூடச் சொன்னனான். பேந்துதான் கவனிச்சன்: நீ காதிலை ஒண்டும் கொழுவாமல் ஓடுறாய். மற்றப் பெட்டையள் எல்லாம் காதுக்கை பாட்டோடை ஓட, நீ மட்டும் வெறுங்காது. பாண் மாவும் அப்பிடித்தான், அது கீச்சிடாது, பிழைச் சுரம் பிடிக்காது, கையுயர்த்தி "மிஸ், ஒண்டுக்குப் போகட்டே" எண்டு கேக்காது. நாள் முழுக்கச் சத்தத்தை விக்கிற உனக்கு, சத்தமில்லாத அலுவல் ரண்டு வேணும். இது எனக்கு விளங்குது. இந்த இடத்திலை நான் உன்ர பக்கந்தான்.

செப்ரெம்பரிலை பள்ளிக்கூடப் பிள்ளையளோடை ஓடுறாய் பார், ரெறி ஃபொக்ஸ் ஓட்டம், அதையும் நான் பகிடி பண்ண மாட்டன். புற்றுநோயிலை ஒரு காலைக் குடுத்த பெடியன், 1980இலை பொய்க்காலோடை 143 நாள், 5,373 கிலோமீற்றர் ஓடி, தண்டர் பே கிட்ட ஏலாமல் நிப்பாட்டினவன். அடுத்த வருசம் 22 வயசிலை போட்டான். அதுக்குப் பிறகு ஒவ்வொரு செப்ரெம்பரும் இந்த நாட்டுப் பிள்ளையள் அவனுக்காக ஓடுதுகள். நடக்கிறதுகளும் ஓடுறதுதான், நிண்டு பூப் பிடுங்குறதுகளும் ஓடுறதுதான். ஆர் முதல், ஆர் கடைசி எண்ட கணக்கே அதிலை இல்லை.

இப்ப வழக்குக்கு வாறன்.

உன்ர கையிலை கிடக்குதே ஒரு மணிக்கூடு, அதோடை எனக்கு ஒரு பழைய பகை. அது உன்ர நாடி பிடிக்குது, நித்திரைக்குப் புள்ளி போடுது, நல்லாய் நித்திரை கொண்டு எழும்பின உன்னட்டை "உனக்கு நித்திரை காணாது" எண்டு சொல்லுது. நீ உடனை கொட்டாவி விடுறாய்! நிமிசத்துக்கு 180 அடி வைக்கவேணுமாம். ஆர் சொன்னது எண்டு கேட்டன். ஜாக் டேனியல்ஸ் எண்டாய். எனக்குத் தெரிஞ்ச ஜாக் டேனியல்ஸ் போத்திலுக்கை இருக்கிறவர். அவர் சொல்லி ஆடினவையைப் பாத்திருக்கிறன், ஓடினவையைப் பாக்கேல்லை. பேந்துதான் நீ விளக்கினாய், அது ஒரு ஓட்டப் பயிற்சிக்காரர், 1984 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கிலை ஓடினவையின்ர அடியளை எண்ணிப்போட்டு, பெரும்பாலான ஆக்கள் 180க்குக் குறையேல்லை எண்டு சொன்னவராம். நல்லது. ஒலிம்பிக்கிலை ஓடினவைக்கு அது சரி. நீ ஓடுறது மோர்னிங்சைட் பூங்காவுக்கை. உன்னோடை போட்டிக்கு நிக்கிறது ஒரு அணிலும், நாயோடை நடக்கிற ஒரு சீனக் கிழவரும்.

மெட்றோனோம் எண்ட தாளக்கருவிக்கு மேல்ட்செல் எண்டவர் 1815இலை உரிமம் எடுத்தவராம், நீதான் சொன்னாய். அந்தப் பெட்டியை வகுப்பு அலுமாரிக்கை பூட்டிவைச்சிருக்கிறாய். ஏன் எண்டு கேட்டதுக்கு, "சின்னப் பிள்ளையள் அதுக்குப் பயந்து மூச்சை அடக்குதுகள்" எண்டாய். பிள்ளையளுக்கு வேண்டாம் எண்டு பூட்டினதை உன்ர கையிலை கட்டிக்கொண்டு திரியிறாய். நான் வாலிபத்திலை அளவெட்டிப் பக்கம் திருவிழாவுக்குப் போய், தெட்சணாமூர்த்தியின்ர தவிலை விடியவிடிய மண்ணிலை குந்தியிருந்து கேட்டவன். கணக்கு எண்டால் அது கணக்கு. அந்தக் கையிலை நான் மணிக்கூடு பாக்கேல்லை. இருந்திருந்தாலும் அது வெக்கத்திலை நிண்டிருக்கும்.

குளிர் வந்தால் ட்ரம்பெற்றிலை சுரம் இறங்குது எண்டு சொல்லி, பிள்ளையளை முதலிலை சும்மா ஊதிக் குழாயைச் சூடாக்க விடுறாய். குளிர் வந்தால் மா புளிக்கப் பிந்தும் எண்டு அதுக்கும் பொறுக்கிறாய். கோடையிலை நாலு மணித்தியாலத்திலை பொங்கின மா இப்ப ஏழு எடுத்தாலும், பானையைப் போறணைக்குள்ளை விளக்கு வெளிச்சத்திலை வைச்சுத் தாலாட்டுறாய். என்ர முழங்கால் மடங்கப் பிந்தினால் அதுக்கும் பொறுக்கிறாய், பாவம். உன்ர கால் மட்டும் நவம்பரிலை ஜூலை வேகத்திலை ஓடவேணும். ஓடாட்டி அந்த மணிக்கூடு சிவப்பிலை ஏதோ எழுதுது. அண்டு முழுக்க உன்ர முகமும் சிவப்பு.

முன்னேற்ற அறிக்கை எழுதேக்கை நான் பக்கத்திலை இருந்தனான். கீச்சிட்ட அந்தச் சின்னனுக்கு நீ என்ன எழுதினனீ? 'உற்சாகமாய்ப் பங்குபற்றுகிறான், கேட்டுத் திருத்திக்கொள்கிறான்.' எவ்வளவு வடிவு! அவன் பிடிச்ச சுரம் ஒண்டு, விட்டது ஒன்பது. உனக்கு நீ எழுதுற அறிக்கையை ஒருக்கா வாசிச்சுப் பார். 'வேகம் காணாது. நாடி கூட. பாண் தட்டை.' இப்பிடி ஒரு ரீச்சர் உன்ர பள்ளிக்கூடத்திலை இருந்தால் நீயே பெட்டிசம் போட்டிருப்பாய்.

பாண் எண்டதும் ஞாபகம் வருது. எங்கட ஊரிலை அப்பத்துக்குக் கள்ளு விட்டுப் புளிக்கவைக்கிறது. கள்ளுக்குப் பேர் வைச்சவனை நான் காணேல்லை. குடிச்சவனுக்குத்தான் பேர் வைச்சவை. நீ ஒரு போத்திலுக்கை மாவும் தண்ணியும் கரைச்சு, அது பொங்கினதும் அதுக்குக் கல்யாணி எண்டு பேர் வைச்சிருக்கிறாய். ராகத்தின்ர பேராம். பள்ளிக்கூடத்திலையிருந்து போன் எடுத்து முதல் கேக்கிறது, "அம்மப்பா, கல்யாணிக்குச் சாப்பாடு குடுத்தனீங்களோ?" அம்மப்பா சாப்பிட்டவரோ எண்டது ரண்டாவது கேள்வி, நேரம் இருந்தால். மா 500 கிராம், தண்ணி 375, உப்பு 10. ஒரு கிராம் கூடினால் கரண்டி நுனியாலை எடுக்கிறாய். அதே தராசிலைதான் எனக்கு வெட்டுற அப்பிள் பைத் துண்டும் நிறுபடுது. அதையும் நான் கவனிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்.

உனக்கு ஒருத்தரைப் பற்றிச் சொல்லவேணும். இந்த ரொறன்ரோவிலை உனக்கு முன்னாலையும் ஒரு சங்கீத வாத்தியார் பாணோடை மாரடிச்சவர். சார்ள்ஸ் சோண்டர்ஸ் எண்டு பேர். 1867இலை ஒன்ராறியோவிலை இருக்கிற லண்டனிலை பிறந்தவர். அமெரிக்காவிலை போய் ரசாயனத்திலை கலாநிதிப் பட்டம் எடுத்தவர், ஆனால் மனுசனுக்கு உயிர் சங்கீதத்திலை. பெண்சாதியும் பாடகி. 1893 தொடக்கம் ஒரு பத்து வருசம் இஞ்சை பாட்டும் புல்லாங்குழலும் படிப்பிச்சு, ஒரு வாரப் பத்திரிகைக்குச் சங்கீத விமர்சனமும் எழுதினார். தேப்பன் விட்டாரே? தேப்பன் அரசாங்கத்துப் பரிசோதனைப் பண்ணையளுக்கெல்லாம் பெரியவர். 1903இலை மகனை ஒட்டாவாவுக்கு எடுத்துக் கோதுமையோடை இருத்திப்போட்டார். எங்கட ஊர்த் தேப்பன்மார்தான் உப்பிடி எண்டு நான் நினைச்சிருந்தன்.

அந்தக் காலத்து ரெட் ஃபைஃப் கோதுமை நல்ல பாண் தரும், ஆனால் விளைய நாள் எடுக்கும். மேற்கிலை இலையுதிர் காலத்து உறைபனி முந்தி வந்தால் கமக்காரன் தலையிலை கைதான். சோண்டர்ஸின்ர சகோதரன் ஒருத்தர் அதை 'ஹார்ட் ரெட் கல்கத்தா' எண்ட இந்தியக் கோதுமையோடை முந்தியே கலந்து விட்டிருந்தார். அந்தக் கலப்பிலை வந்த கதிரெல்லாத்தையும் நம்மட குழல் வாத்தியார் தனித்தனியாய்ப் பிரிச்சு, ஒவ்வொண்டிலையும் கொஞ்ச மணியை வாயிலை போட்டுச் சப்பினார். சப்பச் சப்ப மாக் கரைஞ்சுபோய், இழுபடுற ஒரு பசை மிஞ்சும். அந்தப் பசையின்ர இழுவையைப் பல்லாலை அறிஞ்சு, இது பாணுக்கு ஆகும், இது ஆகாது எண்டு ஒதுக்கினார். சின்னச் சின்னப் பாண் சுட்டுப் பாத்தது அதுக்குப் பிறகு. அப்பிடித் தெரிஞ்செடுத்ததுதான் மார்க்விஸ் கோதுமை. ரெட் ஃபைஃப்பைவிட ஒரு கிழமை, பத்து நாள் முந்தி விளைஞ்சு பனிக்குத் தப்பிச்சுது. 1909இலை கமக்காரரிட்டைப் போச்சு. பத்துப் பன்னிரண்டு வருசத்துக்குள்ளை மேற்குக் கனடாவிலை விதைச்ச வசந்தகாலக் கோதுமையிலை பெரும்பங்கு அதுதான். 1934இலை மனுசனுக்கு சேர் பட்டமும் குடுத்தவை. கல்கத்தாக் கோதுமையே இந்தப் பனியைச் சமாளிச்சிருக்கு எண்டு தெரிஞ்ச நாளிலையிருந்து, நானும் ஒரு சுவெற்றரைக் குறைச்சிட்டன்.

ஒரு நாட்டின்ர பாணைச் சங்கீத வாத்தியார் ஒருத்தர் பல்லாலை தெரிஞ்செடுத்திருக்கிறார். நீ என்ன செய்யிறாய்? போறணையிலையிருந்து பாணை எடுத்து, நெஞ்சிலை ஒரு கம்பியைக் குத்தி, 97 பாகை காட்டுதோ எண்டு பாக்கிறாய். எங்கட சந்தியிலை இருந்த பேக்கரி முதலாளி, எழுத்தும் தெரியாத மனுசன், பாணைக் கவிட்டு அடியிலை விரலாலை ஒரு தட்டுத் தட்டுவார். உள்ளை வெறுமையாய்ச் சத்தம் கேட்டால் வெந்திட்டுது. மொத்தமாய்க் கேட்டால் திரும்ப உள்ளை. பலாப்பழத்துக்கும் நாங்கள் அதுதான் செய்யிறது. உனக்கு ஆண்டவன் எப்பிடிப்பட்ட காதைத் தந்திருக்கிறான்! கடைசி வரிசையிலை ஒரு கிளாரினெற் 440க்கு ஒரு மயிரிழை கீழை நிண்டாலும் பிடிக்கிற காது. அந்தக் காதை வைச்சுக்கொண்டு கம்பியிட்டைக் கேக்கிறாய். பாண் வெளியிலை வந்து ஆறேக்கை மேல்தோல் வெடிச்சு நொறுநொறு எண்டு சத்தம் போடும். பாண் பாடுது எண்டு பேக்கரிக்காரர் சொல்லுவினம். போன கிழமை அது பாடினது. கேட்டது நான் ஒருத்தன்தான். நீ அந்த நேரம் போனிலை ஓட்டக் கணக்குப் பதிஞ்சுகொண்டு நிண்டாய்.

ஓட்டத்திலையும் இந்தப் பக்கம் ஆக்கள் இருந்தவை. மில்ரனிலை எட் விற்லொக் எண்டு ஒரு கிழவர். பயிற்சிக்காரரும் இல்லை, பத்தியச் சாப்பாடும் இல்லை. வீட்டுக்குக் கிட்டக் கிடந்த சவக்காலையைச் சுத்திச் சுத்தி ஓடுவார். போற இடத்தை முந்தியே பழகுறார் எண்டு பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருப்பினம். 2004இலை 73 வயசிலை ரொறன்ரோ மரதனை 3 மணித்தியாலத்துக்குள்ளை முடிச்சார். 2016இலை 85 வயசிலை 3 மணி 56 நிமிசம். அண்டைக்குப் போட்டிருந்த சப்பாத்துக்கு 15 வயசாம். நீ அடியிலை கரித்தகடு வைச்சதை வாங்கி, பெட்டியைக் கூட எறியாமல் வைச்சிருக்கிறாய். மற்றவர் ஃபௌஜா சிங். 2011 ஒக்டோபரிலை, 100 வயசிலை, இதே ரொறன்ரோவிலை மரதன் முடிச்சார். 8 மணித்தியாலத்துக்கு மேலை எடுத்துது. பிறப்புப் பத்திரம் இல்லை எண்டு கின்னஸ்காரர் ஏற்கேல்லை. கிழவர் கவலைப்பட்டதாய்த் தெரியேல்லை. என்ர வயசும் பள்ளிக்கூடத்திலை சேக்கேக்கை வாத்தியார் வாயிலை வந்ததுதான். அதை வைச்சுத்தான் இந்த நாட்டிலை பென்சன் தருகினம்.

அதாலை நான் கேக்கிறது பெரிசா ஒண்டுமில்லை. ஓடு. வேண்டாம் எண்டு ஆர் சொன்னது? அந்த மணிக்கூட்டைக் கழட்டி அலுமாரிக்கை வைச்சிட்டு ஓடு. மூச்சு வாங்கினால் நட, மீனைப் பார், அணிலோடை கதை. தராசையும் கம்பியையும் அதே தட்டிலை வை. பாணைத் தட்டிக் கேள். பிழைச்சால் பிழைக்கட்டும். தட்டையாய்ப் போன பாணைச் சொதியிலை தோய்ச்சுத் தின்ன இந்த வீட்டிலை ஆள் இருக்கு. உண்மையைச் சொன்னால், நல்லாய்ப் பொங்கின பாண் எனக்குப் பிடிக்கிறேல்லை. ஓட்டையாலை சம்பல் விழுந்துபோகுது.

அலுமாரியை எப்பிடியும் திறக்கத்தானே போறாய், அந்த ஊசி குத்துற சின்னப் பெட்டியையும் அதுக்குள்ளை வைச்சிடு. ஓம், அதுதான், விடிய எழும்பினதும் என்ர விரலிலை குத்தி, சீனி 8.1 எண்டு கொப்பியிலை எழுதி, என்னை ஒரு பார்வை பாக்கிறாயே, அது. ஒரு வீட்டிலை ஒரு ஆளுக்கு மட்டும் அளவு வைச்சால் நியாயமில்லை எல்லோ? ஏன் சிரிக்கிறாய்? நான் உன்ர நன்மைக்குத்தான் இவ்வளவு நேரம் தொண்டை காயக் கதைச்சது.

அப்பிள் பை ஆறிப்போச்சு. தராசை எடுக்காதை. கத்தியை இஞ்சை தா, கண்மட்டத்துக்கு வெட்டுவம். உன்ர கண் வேண்டாம், அது அறிக்கை எழுதிக் களைச்சுப்போச்சு. என்ர கண்ணாலை. போன மாசம்தான் புரை எடுத்தது, நல்லாய்த் தெரியுது. பையைப் பாக்கேக்கை மட்டும் எல்லாத் துண்டும் கொஞ்சம் சின்னனாய்த் தெரியும், அது டொக்ரரின்ர பிழை.